இரண்டு மலையும் ஒரு சத்தியமும்

யான், கெடா
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

துஷி எழுதறேன். உறையில கையெழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். கிழிச்சுப் போட்டுடாதீங்க, முழுசா படிங்க. நீங்களும் அம்மாவும் சுகமா இருக்கீங்களா? உங்க பிரஷர் எப்படி இருக்கு? இங்க நானும் ஹாஃபிஸும் நல்லா இருக்கோம்.

எனக்கு வேலை மாத்தலாகி, கோலாலம்பூர்லேருந்து யான்ங்கற இந்த ஊருக்கு வந்துட்டோம். இங்க கிளினிக்ல மருந்துப் பகுதி என் பொறுப்பு. ஹாஃபிஸ் பசாருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருக்கார். வீட்டு வாசலைத் திறந்தா வயல், வயலைத் தாண்டினா ஜெராய் மலை. காலையில பல் விளக்கும்போதே மலை மேல எவ்வளவு மேகம்னு பாக்கற பழக்கம் வந்துடுச்சு.

நேத்து லீவு. காட்டுப் பாதையில ஜெராய் ஏறினேன். குடுவைச் செடி பாத்தேன்பா, பாறை இடுக்குல குட்டிக் குட்டியா தொங்குது, பூச்சி உள்ளே விழுந்தா வெளியே வர முடியாதாம். மேலே தெற்குப் பக்கம் ஒரு பாறை மேடை இருக்கு. அங்க போய் நிக்கும்போது மேகம் விலகுச்சு. கீழே கட்டம் கட்டமா வயல், அப்புறம் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் நீலமா ஒரு மலை. பக்கத்துல நின்ன ஆளு "அது பினாங்கு லா, அக்கா"ன்னார். அப்பா, அது நம்ம கொடிமலை! நீங்க தினமும் காலையில நடக்கற மலை. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். அந்த ஆளு பயந்துபோய் தண்ணி பாட்டிலை நீட்டினார்.

உங்ககிட்ட சொல்லாம கல்யாணத்தைப் பதிவு பண்ணினேன். அந்தச் செய்தி உங்களுக்கு யாரோ ஒருத்தர் மூலமா வந்துச்சு. அன்னைக்கே நீங்க சாமி மேடையில எரிஞ்ச கற்பூரத்தை உள்ளங்கையால அணைச்சு, "இனி என் கண்ணால் அவளைப் பார்க்க மாட்டேன், அவள் குரலை என் காதால் கேட்க மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டீங்க. பத்து வருஷமாச்சு. ஆனா எழுத மாட்டேன்னு நீங்க சொல்லலியே? அதான் பேனாவை எடுத்தேன்.

எனக்கு உங்களைப் பாக்கணும்பா. வேற ஒண்ணும் வேணாம்.

ஹாஃபிஸ் சலாம் சொல்லச் சொன்னார்.

உங்க மக,
துஷி

*

ஆயர் ஈத்தாம், பினாங்கு
19 ஆகஸ்ட் 2024

துஷ்யந்திக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் நலம். என் ரத்த அழுத்தம் நான் சொன்னதைக் கேட்கிறது. இந்தக் குடும்பத்தில் அது ஒன்றுதான் கேட்கிறது.

உன் கடிதத்தை உடனே பிரிக்கவில்லை. முதலில் பிரிக்கலாமா என்று ஆராய்ந்தேன். நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாகத் தலை நரைத்தவன். சாட்சி சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டியதும் கிடையாது, குறைத்ததும் கிடையாது. என் சத்தியத்தில் கண் உண்டு, காது உண்டு. கடிதம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆகவே வாசிக்கலாம், பதிலும் எழுதலாம் என்று தீர்மானித்தேன். இதை நீ ஒரு சலுகை என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். அந்த நேரத்தில் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன். உன் குரல் காதில் விழக் கூடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ பார்த்தது கொடிமலைதான் என்பதற்கு என்ன ஆதாரம்? வழியில் போகிற ஒருவன் சொன்னான் என்கிறாய். அதற்குப் பின்னால் மேற்கு மலை இருக்கிறது, அது இதைவிட உயரம். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே அழுதிருக்கிறாய்.

ஜெராய் உயரமான மலை என்பதை ஒத்துக்கொள்கிறேன். உயரம் மட்டும் போதுமா? நானும் ஷேக் அலாவுதீனும் தினமும் அணைக்கட்டிலிருந்து ஏறுகிறோம். மசாலாக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவன் இப்போது மலையே கதி என்று கிடக்கிறான். ஜாதிக்காய்த் தோட்டம், அதன் பிறகு வலை கட்டிய டுரியான் தோட்டம், அதன் பிறகு பெரிய பெரிய மரப் பெரணி. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குகள் கிளையில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கும். மேலே வடக்குப் பார்த்து ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் நின்றால் எதிர்க்கரையில் பிறை ஊரின் புகைபோக்கிகள், ஜலசந்தியில் கப்பல்கள், வானம் தெளிவாக இருந்தால் உன் ஜெராய் எல்லாம் தெரியும்.

பத்து வருடமாக அந்தப் பக்கம் பார்க்கிறேன். நீ அங்கே வந்து குடியேறுவாய் என்று யார் கண்டது?

உடம்பைப் பார்த்துக்கொள். காட்டுப் பாதையில் தனியாகப் போகாதே.

இங்ஙனம்,
க. அப்புத்துரை

*

யான்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பா,

உங்க கடுதாசி வந்துச்சு! எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு படிச்சதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. நாங்களும் சுகம். ஹாஃபிஸுக்கு லேசா சளி, மிளகு ரசம் வச்சுக் கொடுத்தேன், சரியாயிடுச்சு.

ஆதாரம் கேட்டீங்க இல்ல? சரி, ஆதாரம் தர்றேன். அதுக்கு நீங்களும் வேலை செய்யணும்.

போன வாரம் மறுபடி மேலே போனேன் (தனியா இல்ல, ஹாஃபிஸ் கூட வந்தார், மூச்சு வாங்கி வாங்கி). கீழே வயல் ரோட்டுல ஒரு லாரி திரும்புச்சு. அதோட முன் கண்ணாடியில வெயில் பட்டு, அவ்வளவு தூரத்துலேருந்து பளிச்சுன்னு கண்ணுல அடிச்சுது. லாரியே தெரியல, வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுது. அப்பதான் தோணுச்சு.

நான் ஜெராய் மேல ஒரு கண்ணாடியோட நிக்கறேன். நீங்க உங்க பாறையில ஒரு கண்ணாடியோட நில்லுங்க. வெயிலைப் பிடிச்சு ஒருத்தர் மேல ஒருத்தர் அடிப்போம். ஹாஃபிஸ் ஸ்கூல்ல சாரணர் படையில இருந்தவர், இதெல்லாம் நடக்கற காரியம்தான்னு சொல்றார். கையை நீட்டி ரெண்டு விரலை விரிச்சு, அந்த நடுவுல எதிர் மலையை வச்சு, கண்ணாடி வெளிச்சத்தை அந்த விரல் மேல விழ வச்சா குறி தப்பாதாம்.

உங்க சத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. என் முகம் தெரியாது, குரல் கேக்காது, வெறும் வெளிச்சம்தான். பத்து வருஷத்துல உங்ககிட்டேருந்து ஒரு புள்ளி வெளிச்சம் கிடைச்சா எனக்குப் போதும். பொய் சொல்றேன், போதாது. ஆனா அதாவது கிடைக்கட்டும்.

உங்க ஊர்ல சனி ஞாயிறு லீவு, எங்க ஊர்ல வெள்ளி சனி. அதனால சனிக்கிழமையாப் பாத்துச் சொல்லுங்க.

பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கற,
துஷி

*

ஆயர் ஈத்தாம்
20 செப்டம்பர் 2024

துஷ்யந்திக்கு,

நாங்கள் நலம். சளிக்கு மிளகு ரசம் சரி, கூடவே தூதுவளையும் சேர்க்கலாம். அங்கே கிடைக்கிறதா?

உன் யோசனை சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு சட்டப்படி அலசினேன். வெளிச்சம் சூரியனுடையது. கண்ணாடி கடைக்காரன் செய்தது. இரண்டிலும் நீ இல்லை. அந்த வெளிச்சத்தைப் பார்ப்பது உன்னைப் பார்ப்பதாகாது. ஆகவே சத்தியத்துக்குப் பழுதில்லை, சம்மதம்.

பழகிப் பார்க்காமல் மலைக்குப் போக நான் என்ன விளையாட்டுப் பையனா? சவரக் கண்ணாடி சின்னதாக இருந்ததால் உன் அம்மாவின் அலங்கார மேசைக் கண்ணாடியைக் கழற்றினேன். அவள் போட்ட கூச்சலை எழுத இங்கே இடம் போதாது. பால்கனியில் நின்று எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிக்குக் குறி பார்த்தேன். அது தப்பி, ஒன்பதாவது மாடியில் யாரோ ஒருவருடைய குளியலறை ஜன்னலுக்குள் போய்விட்டது. நானும் விடாமல் நாலைந்து காலை பழகியிருக்கிறேன். அந்த வீட்டுக் காமினி அம்மாள் காவலாளியை அழைத்துக்கொண்டு நேரே நம் வாசலுக்கே வந்துவிட்டாள். "இந்தக் கிழவர் தினமும் கண்ணாடி அடிக்கிறார்!"

எழுபத்திரண்டு வயதில் எனக்கு இந்தப் பெயர். நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவள் கோபம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் உன் அம்மா நடுவில் வந்து, "எங்க மக ஜெராய் மலையில இருக்கா, அவளுக்குத்தான்" என்றாள்.  காமினி அம்மாள் காவலாளியைப் போகச் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொன்னாள். ஷேக்கிடம் இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான், மடையன்.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. காலை எட்டரைக்குத் தொடங்குவோம். துணியால் மூடித் திறந்து மூன்று முறை அடி. தெரிந்தால் நானும் மூன்று முறை அடிப்பேன்.

இங்ஙனம்,
க. அப்புத்துரை

*

யான்
1 அக்டோபர் 2024

அப்பா,

சுகம்தானே? அம்மா அந்தக் காமினி கதையை எனக்கு அப்பவே சொல்லிட்டா, ரெண்டு பேரும் போன்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். உங்க ரேடியோ சத்தத்துல கேட்டிருக்காது.

பத்தொம்பது, எட்டரை, மூணு தடவை. எழுதி வச்சுக்கிட்டேன். ஹாஃபிஸ் கடையில கை கழுவற இடத்துல இருக்கற பெரிய கண்ணாடியைக் கழட்டித் தர்றேன்னுட்டார். அன்னைக்குச் சாப்பிட வர்றவங்க மீசையில குழம்போட போகட்டும்.

எனக்கு இப்பவே தூக்கம் வரல.

துஷி

*

ஆயர் ஈத்தாம்
21 அக்டோபர் 2024

துஷ்யந்திக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை போனோம். ஜெராய் இருக்க வேண்டிய திசையில் கடலிலிருந்து வானம் வரை மேகம். சற்று நேரம் இருந்துவிட்டு இறங்கிவிட்டோம்.

இந்த விளையாட்டு போதும். வயதானவனை மலையில் நிறுத்தி வேடிக்கை பார்க்க வேண்டாம். இனி இது சம்பந்தமாக எழுதாதே.

க. அப்புத்துரை

*

யான்
26 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் தீபாவளி வாழ்த்து. அம்மா முறுக்கு அனுப்பியிருந்தா, வந்த அன்னைக்கே தீந்துபோச்சு. உடம்பு நல்லா இருக்கா?

என் பக்கமும் அதே கதைதான். கடல் மேல ஒரே மேகம். ஒன்பது மணிக்கே இறங்கிட்டேன், நின்னு என்ன பிரயோஜனம்? இப்ப மூஞ்சி கறுத்து மூக்குத் தோல் உரியுது. கிளினிக்ல எல்லாரும் பீச்சுக்குப் போனியான்னு கேக்கறாங்க.

ஒரு நாள் மேகம் வந்தா அதுக்காக விட்டுடறதா? டிசம்பர் முதல் வாரம் எனக்கு முழுசா லீவு. அப்ப மறுபடி பாக்கலாம்பா. எழுதாதேன்னு சொன்னீங்க. நான் எப்ப நீங்க சொன்னதைக் கேட்டேன்? கோபப்பட்டுத் திட்டியாவது ஒரு கடுதாசி போடுங்க.

துஷி

*

ஜாலான் பாசார், ஆயர் ஈத்தாம்
25 நவம்பர் 2024

அன்பு மகள் துஷ்யந்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் வீட்டாரும் நல்ல சுகம். நீயும் மருமகன் ஹாஃபிஸும் சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். நான் ஷேக் அலாவுதீன், உங்க அப்பாவோட மலைக் கூட்டாளி. சின்னப் பிள்ளையில எங்க கடைக்கு வந்து ஏலக்காயை மென்னுக்கிட்டு நிப்பே, ஞாபகம் இருக்கா?

உன் கடுதாசிக்குப் பதில் வராம நீ தவிச்சுக்கிட்டிருப்பே. உங்க அப்பா படுத்திருக்கார் மகளே. பயப்படாதே, கணுக்கால் எலும்புல கீறல்தான், கட்டுப் போட்டிருக்கு. இதை உனக்குச் சொல்லக் கூடாதுன்னு உங்க அம்மாகிட்ட சத்தியம் வாங்கிட்டார். அந்த மனுஷனுக்கு வேற வேலை இல்ல, சத்தியம் பண்றதும் வாங்கறதும்தான். என்கிட்ட வாங்க மறந்துட்டார்.

அன்னைக்கு "சற்று நேரம்" இருந்தோம்னு உனக்கு எழுதினாராமே. சாயங்காலம் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் பாறையை விட்டு அசையல. "போவோம்பா, மழை வருது"ன்னு நான் கெஞ்சறேன். "என் மகள் அங்கே நின்றுகொண்டிருப்பாள், அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும்"ங்கறார். மழையிலதான் இறங்கினோம். டுரியான் தோட்டத்துக்கிட்ட கால் வழுக்கிடுச்சு. கையை ஊனியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. கண்ணாடி உடைஞ்சிடும்னு ரெண்டு கையாலயும் அதை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டே விழுந்தார். கண்ணாடியில ஒரு கீறல் இல்ல.

இன்னொண்ணு. அந்த ரேடியோ கதையை நம்பாதே. உங்க அம்மா போனை எடுத்ததும் இவர் ரேடியோவைப் போடறது உண்மை. போட்டுட்டு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு சமையலறைக் கதவுக்கிட்ட வந்து உக்காந்துக்குவார். நானே பாத்திருக்கேன்.

இப்ப மனசு விட்டுட்டார். இனிமே மலை ஏற முடியாதுன்னு அவருக்குள்ளேயே ஒரு எண்ணம். நான் சொன்னா கேக்க மாட்டார். நீ ஏதாவது எழுது. நான் சொன்னேன்னு காட்டிக்காதே, என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவார்.

வஸ்ஸலாம்.
ஷேக் அலாவுதீன்

*

யான்
2 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? இங்க ஒரே மழை, ஜெராயே கண்ணுல படல.

டிசம்பர்ல மறுபடி பாக்கலாம்னு எழுதியிருந்தேன் இல்ல? முடியாது போலிருக்குப்பா. கிளினிக்ல தலைக்கு மேல வேலை. யாருக்கும் லீவு கிடையாதுன்னுட்டாங்க. ஜனவரியிலதான் எனக்குத் தோதுப்படும். பொங்கல் முடிஞ்சு பதினெட்டாம் தேதி சனிக்கிழமை. அப்ப வானமும் தெளிவா இருக்கும். அதுவரைக்கும் நீங்க வீட்டிலயே நல்லா ஓய்வெடுங்க. அதாவது, மழை காலமாச்சே, அதுக்காகச் சொன்னேன்.

வர முடியாதுன்னு மட்டும் எழுதிடாதீங்க. நீங்க வந்தாலும் வராட்டாலும் நான் அன்னைக்கு மேலே நிப்பேன். மேகம் இருந்தா அடுத்த சனிக்கிழமை நிப்பேன், அதுக்கு அடுத்த சனிக்கிழமையும் நிப்பேன். நான் யாரு மக?

துஷி

*

ஆயர் ஈத்தாம்
27 டிசம்பர் 2024

துஷ்யந்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

உன்னைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் முழுதும் லீவு என்று அக்டோபரில் எழுதினாய். அந்த முதல் வாரத்திலேயே உட்கார்ந்து, யாருக்கும் லீவு இல்லை என்று எழுதுகிறாய். இந்த ஓய்வெடுக்கச் சொல்லும் கரிசனம் எங்கிருந்து வந்தது? ஷேக் உனக்கு எழுதியிருக்கிறான். மறுக்காதே, அவன் முகத்திலேயே தெரிகிறது. ஒரு மாதமாக என்னைப் பார்த்ததும் வானத்தைப் பார்க்கிறான்.

இரண்டாவது. மேகம் மூடியதால் ஒன்பது மணிக்கு இறங்கியவளுக்கு மூக்குத் தோல் எப்படி உரியும்? மேகம் கடல் மேல் இருந்தது. உன் தலைமேல் வெயில் இருந்தது. நீ இறங்கவில்லை. எத்தனை மணி வரை நின்றாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ திருப்பிக் கேட்பாய்.

பாவிப் பெண்ணே, ஒரு தொப்பியாவது போட்டுக்கொண்டு நிற்கக் கூடாதா?

கட்டைப் பிரித்துவிட்டார்கள். டாக்டர் தட்டையான ரோட்டில் நடக்கச் சொன்னார். ஆயர் ஈத்தாமில் தட்டையான ரோடு எங்கே இருக்கிறது என்று அவரையே கேட்டேன். தினமும் அணைக்கட்டு வரை போய் வருகிறேன். உன் அம்மா ரயிலில் மேலே போகச் சொல்கிறாள். ரயிலில் போக நான் என்ன டூரிஸ்ட்டா? வேண்டுமானால் அவள் ரயிலில் வரட்டும். நான் நடந்து வருவேன். மெதுவாக வருவேன், ஆனால் வருவேன்.

பதினெட்டாம் தேதி. எட்டரை.

கடைக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தவருக்கு என் நன்றியைச் சொல்.

இங்ஙனம்,
க. அப்புத்துரை

*

யான்
19 ஜனவரி 2025

அப்பா! அப்பா! அப்பா!

சுகம் விசாரிக்கக் கூட கை நிக்க மாட்டேங்குது, மன்னிச்சுக்குங்க. பாத்தேன்பா! பாத்துட்டேன்!

விடியறதுக்கு முன்னாலயே ஏறிட்டோம். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. லங்காவி ஒரு பக்கம், உங்க தீவு ஒரு பக்கம், நடுவுல மீன்பிடிப் படகு ஒண்ணொண்ணும் தனித்தனியா தெரியுது. எட்டரைக்கு நான் அடிக்க ஆரம்பிச்சேன். ஹாஃபிஸ் கண்ணாடியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டார், நான் விரலை விரிச்சுக் குறி வச்சேன். மூணு தடவை, நிறுத்தம். மூணு தடவை, நிறுத்தம். ஒண்ணுமே வரல. ஒன்பதாச்சு. உங்க கால் நடு வழியில வலிச்சிருக்குமோ, விழுந்திருப்பீங்களோ, நான்தான் உங்களை இந்தப் பாடு படுத்தறேனோன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. "இறங்கிடலாம், போன் போட்டு அம்மாவைக் கேப்போம்"னு ஹாஃபிஸ்கிட்ட சொன்னேன். "இன்னும் கொஞ்சம் இரு, உங்க அப்பா வராம இருக்க மாட்டார்"னு அவர்தான் பிடிவாதமா நின்னார்.

அப்பத்தான் அந்த நீல மலையோட தோள்ல பளிச்சுன்னு ஒண்ணு! பட்டப்பகல்ல நட்சத்திரம். அணைஞ்சுது. பளிச். அணைஞ்சுது. பளிச். மூணு!

நான் கத்தின கத்துல மேடையில இருந்த அத்தனை பேரும் ஓடி வந்துட்டாங்க. சுங்கை பட்டாணியிலேருந்து வந்த ஒரு மலாய்க் குடும்பம், சீன அங்கிள் ரெண்டு பேரு. "எங்க அப்பா! அது எங்க அப்பா!"ன்னு நான் மலாய்லயும் தமிழ்லயும் கத்தறேன். மறுபடி நீங்க அடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. அந்த மலாய் அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. எதுக்கு அழுதாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

வெயில் உச்சிக்கு ஏறற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்தோம் இல்ல? நான் நிறுத்தினா நீங்க அடிச்சீங்க. நீங்க நிறுத்தினா நான் அடிச்சேன். யாரு முதல்ல நிறுத்தறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க என்னைப் பாத்தீங்களாப்பா?

உங்க,
துஷி

*

ஆயர் ஈத்தாம்
12 பிப்ரவரி 2025

அன்பு மகள் துஷிக்கு,

நீயும் மருமகனும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். இங்கே நாங்கள் நலம். கால் வலி இல்லை. இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

பதில் தாமதமாகிவிட்டது. தவித்திருப்பாய். காரணம் பின்னால் வருகிறது.

அன்று நாங்கள் பாறைக்குப் போய்ச் சேரவே ஒன்பது தாண்டிவிட்டது. டுரியான் தோட்டத்துக்கு மேல் கால் ஒத்துழைக்கவில்லை. நாலடி நடந்தால் இரண்டு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. கண்ணாடியை ஷேக் சுமந்தான். "திரும்பிடுவோமா?" என்று அவன் கேட்டபோது, வாழ்க்கையில் முதன்முறையாக அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. உன் அம்மா ரயிலில் வந்து அந்தப் பக்கமாக நடந்து, எங்களுக்கு முன்னால் பாறையில் உட்கார்ந்து புட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "ஏன் இவ்வளவு நேரம்? அவ எப்பவோ அடிக்க ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். கடலுக்கு அப்பால் ஜெராய் முழுசாக நின்றது. அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே நீ அடித்துக்கொண்டிருந்தாய்.

கண்ணாடியைப் பிடிக்க என் கை வரவில்லை. ஷேக் ஒரு பக்கம் பிடித்தான், உன் அம்மா ஒரு பக்கம் பிடித்தாள், நான் விரலை நீட்டிக் குறி பார்த்தேன். முதல் அடி போனதும் எதிர்ப்பக்கம் உன் வெளிச்சம் தாறுமாறாகக் குதித்தது. பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டாள் என்று நான் கத்தினேன். மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஓய்வு பெற்ற ஒரு கோர்ட் அதிகாரி அப்படிக் கத்தக் கூடாது. ஆனாலும் கத்தினேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன்னைப் பார்த்தேனா?

வெளிச்சம் சூரியனுடையது, நீ அதில் இல்லை என்று செப்டம்பரில் எழுதினேன். அந்தத் தீர்ப்பு பிழை. நானே ரத்து செய்கிறேன். அந்த வெளிச்சம் ஆடியது. குறியை விட்டு விலகி, மறுபடி தேடிப் பிடித்து, மறுபடி ஆடியது. கை நடுங்கினால்தான் அப்படி ஆடும். சூரியனுக்குக் கை நடுங்காது. அது நீ. ஆகவே நான் என் இரண்டு கண்ணாலும் உன்னைப் பார்த்தேன் என்று பதிவு செய்கிறேன். என் சத்தியம் ஜனவரி பதினெட்டாம் தேதி காலையில், இரண்டு பேர் முன்னிலையில் உடைந்துவிட்டது. ஒரு பாதி உடைந்த சத்தியத்தில் மறுபாதி மட்டும் நிற்காது. அதனால் காதைப் பற்றிய பகுதியும் போயிற்று.

கற்பூரத்தில் கை வைத்துச் செய்ததை மீறியதற்குத் தண்டனை கட்டாமல் உனக்கு எழுதக் கூடாது என்றுதான் தைப்பூசம் வரை காத்திருந்தேன். நேற்று தண்ணீர்மலை ரோட்டில் ரதத்துக்கு முன்னால் ஒரு சாக்குத் தேங்காயை நானே உடைத்தேன். யாரையும் கை வைக்க விடவில்லை. ஒவ்வொன்றும் ஒரே அடியில் சிதறியது. முருகனுக்கும் எனக்கும் இனி எந்தக் கணக்கும் இல்லை.

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை காலை நானும் உன் அம்மாவும் ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் ரயில் பிடித்து, உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் குருன் ஸ்டேஷனில் இறங்குவோம். இதை உன்னிடம் போனில் சொல்லலாம் என்று உன் அம்மா பக்கத்தில் நின்று தொந்தரவு செய்கிறாள். போனில் எனக்குப் பேச வராது. முதல் வார்த்தையை நேரில்தான் சொல்வேன்.

மருமகனுக்கு என் சலாம். கடையை அன்றைக்கு மூட வேண்டாம், நான் அங்கேதான் சாப்பிடுவேன்.

ரயில் வரும்போது ஸ்டேஷனில் முன்னால் வந்து நில். அழுதாயென்றால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளாதே, திரும்பி நிற்காதே. அழுதுகொண்டே இரு, பரவாயில்லை. எனக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பா